தேன் போத்தலும் ஏற்பு ஊசியும்



சில நாட்களுக்கு முன் ஒரு தோட்டத்தில் தாய்மார் கூட்டம் நடந்தது. பிள்ளைக் காம்பராவில் பாய் விரித்து உட்கார்ந்து, காயம், புண், தீக்காயம் இவற்றைப் பற்றிப் பேசிக் கொண்டிருந்தோம். பின்னால் சுவரோரமாக இருந்த ஒரு அப்பாயி எழும்பிக் கேட்டார்: "ஏங்க, எங்க காலத்துல வெட்டுப்பட்டா தேனும் மஞ்சளும்தான் வச்சோம். எல்லாம் ஆறித்தானே போச்சு? இப்ப மட்டும் எதுக்கெடுத்தாலும் ஊசி, மாத்திரைன்னு ஓடச் சொல்றீங்களே?"

பாதிப் பேர் சிரித்தார்கள், பாதிப் பேர் தலையாட்டினார்கள். ஐந்து நிமிடத்தில் பதில் சொல்லி முடிக்கிற கேள்வி இல்லை அது. அதனால்தான் இந்த இதழில் அதையே பாடமாக எடுத்துக் கொண்டோம்.

முதலில் ஒன்று சொல்லி விடுகிறேன். அப்பாயி சொன்னது பொய் இல்லை. தேன் கிருமியைக் கொல்லும். மஞ்சளும் வெள்ளைப்பூடும் மரமஞ்சளும் கூட ஓரளவுக்குக் கொல்லும். ஆனால் எந்தக் கிருமியை, எந்த இடத்தில், எவ்வளவு என்பதில்தான் விசயம் இருக்கிறது. அதற்கு என் கண்ணால் பார்த்த ரெண்டு காயங்களைச் சொல்ல வேண்டும்.

நான் லயத்தில் பிறந்து வளர்ந்தவன். அப்பா கவ்வாத்து வெட்டுகிறவர். ஒரு மழை நாளில் கத்தி வழுக்கி, முழங்காலுக்குக் கீழே தோலைச் சீவி விட்டது. நாலு விரல் அகலம், ஆனால் ஆழமில்லை. பீலித் தண்ணியில் நன்றாகக் கழுவி, அம்மா தேன் தடவி வெள்ளைத் துணியால் கட்டினார். தினமும் துணியை அவிழ்த்துக் கழுவிக் கட்டுவார். ரெண்டு கிழமையில் ஆறி விட்டது. அப்பாவும் அதையே பல வருசம் பெருமையாகச் சொல்லிக் கொண்டிருந்தார்.

அடுத்த வருசம், பக்கத்துக் காம்பராவில் இருந்த அண்ணன் மாட்டுப் பட்டியில் சாணி அள்ளும்போது, பலகையில் இருந்த ஆணி குதிங்காலில் ஏறி விட்டது. ரத்தம் கூட அதிகம் வரவில்லை. "சின்னக் காயந்தானே" என்று எங்கள் வீட்டுத் தேன் போத்தலையே வாங்கிப் போய், மஞ்சளோடு குழைத்து வைத்தார்கள். காயத்துக்கு நல்லது என்று மரமஞ்சளும் அவித்துக் குடித்தார். டிஸ்பென்சரிக்குப் போகவில்லை. போனால் அரைப்பேர் விழும் என்று பயம். ஒன்பதாம் நாள் விடியற்காலையில் தேத்தண்ணிக் கோப்பையை வாயில் வைத்தார், வாய் திறக்கவில்லை. பல் கிட்டிப் போயிருந்தது. பின்னேரம் முதுகு வில்லு மாதிரி வளைந்து இழுக்கத் தொடங்கியது. தோட்டத்து லொறியில்தான் ஆஸ்பத்திரிக்குக் கொண்டு போனார்கள். ஏற்பு வலி. சத்தமும் வெளிச்சமும் பட்டால் கூட உடம்பு இழுக்கும் என்று இருட்டான அறையில் கிழமைக் கணக்கில் வைத்திருந்தார்கள். உயிர் பிழைத்தார். ஆனால் ஆறு மாதம் பெரட்டுக்கு வரவில்லை. அவருடைய மூத்த மகள் எட்டாம் வகுப்போடு படிப்பை விட்டுக் கூடை எடுத்தது அந்த வருசந்தான்.

ஒரே போத்தல் தேன். ஒரு காயம் ஆறியது, மற்றது ஆளையே கொல்லப் பார்த்தது. ஏன்?

தேனுக்குள் என்ன இருக்கிறது

கருவாடு ஏன் அழுகுவதில்லை என்று யோசித்துப் பாருங்கள். உப்பு, மீனில் உள்ள தண்ணியை இழுத்து விடுகிறது. தண்ணி இல்லாத இடத்தில் கிருமி வாழ முடியாது. தேனும் அதே வேலையைத்தான் செய்கிறது, உப்புக்குப் பதில் சீனியை வைத்து. நூறு கிராம் தேனில் சுமார் 80 கிராம் சீனி வகைகள்தான். தண்ணி 17, 18 கிராம் அளவில்தான் இருக்கும். அந்தக் கொஞ்சத் தண்ணியையும் சீனி இறுக்கிப் பிடித்துக் கொண்டிருக்கும். அதில் விழுகிற கிருமியின் உடம்பில் உள்ள தண்ணியும் உறிஞ்சப்பட்டு விடும்.

ரெண்டாவது, தேன் புளிப்பானது. நாக்குக்கு இனிப்பு முந்தித் தெரிவதால் புளிப்பை நாம் கவனிப்பதில்லை. ஊறுகாய் கெடாமல் இருப்பதற்குக் காரணமான அதே புளிப்பு, புண்ணில் வளருகிற பெரும்பாலான பக்டீரியாக்களுக்கும் ஒத்து வராது.

மூன்றாவதுதான் விசேசமானது. தேனீ பூவில் இருந்து எடுத்த சாற்றைத் தன் வாயில் வைத்துப் பதப்படுத்தும்போது ஒரு நொதியத்தையும் அதில் சேர்க்கிறது. தேன் கெட்டியாக இருக்கும்வரை அந்த நொதியம் தூங்கிக் கொண்டிருக்கும். புண்ணில் கசிகிற நீர் பட்டுத் தேன் கொஞ்சம் இளகியதும் எழும்பி வேலை செய்யும். அப்போது உண்டாவது ஐதரசன் பேரொட்சைட்டு. ஆஸ்பத்திரியில் புண்ணில் ஊற்றியதும் நுரை தள்ளுமே, அதே மருந்து. ஆஸ்பத்திரி மருந்து ஒரேயடியாகக் கொட்டும். தேன் அதைச் சொட்டுச் சொட்டாகக் கொடுக்கும். தேனில் கிருமியைத் தடுக்கிற ஏதோ ஒன்று இருக்கிறது என்று 1892இல் ஹொலண்ட் நாட்டு ஆராய்ச்சியாளர் ஒருவர் எழுதினார். அது ஐதரசன் பேரொட்சைட்டுத்தான் என்று தெளிவானது 1963இல். எகிப்து நாட்டில் மூவாயிரத்து ஐந்நூறு வருசத்துக்கு முன்னால் எழுதி வைத்த வைத்தியச் சுவடியில் கூடக் காயத்துக்குத் தேன் வைக்கச் சொல்லியிருக்கிறது. நம்ம ஆயுர்வேத ஆசிரியர் சுசுருதரும் தேனும் நெய்யும் வைக்கச் சொன்னார். இவர்கள் யாரும் நொதியத்தைக் கண்டதில்லை. புண் ஆறுவதைத்தான் கண்டார்கள்.

அந்த நொதியம் சூட்டைத் தாங்காது. தேனைக் கொதிக்க வைத்தால் இனிப்பு மிஞ்சும், இந்த வேலை போய் விடும். வெயில் படுகிற யன்னலில் போத்தலை வைப்பதும் நல்லதில்லை.

பிள்ளைகளோடு சேர்ந்து வீட்டிலேயே ஒரு சின்னப் பரீட்சை செய்து பார்க்கலாம். மூன்று சிறிய கண்ணாடிக் குவளை எடுங்கள். ஒன்றில் ஒரு கரண்டி தேன் மட்டும். இன்னொன்றில் ஒரு கரண்டி தேனும் மூன்று கரண்டி தண்ணியும். மூன்றாவதில் ஒரு கரண்டி சீனியும் மூன்று கரண்டி தண்ணியும். எறும்பு ஏறாமல் தண்ணித் தட்டில் வைத்து, மெல்லிய துணியால் மூடி விடுங்கள். ஒரு கிழமை கழித்துப் பாருங்கள்; நுவரெலியா பக்கத்துக் குளிரில் இன்னும் சில நாள் எடுக்கும். தண்ணி கலந்தவை நுரைத்துப் புளிச்ச வாடை அடிக்கும், ஆடை கூடப் படியலாம். தேன் மட்டும் இருந்த குவளை வைத்தபடியே இருக்கும். அதுவும் நுரைத்தால், கடைக்காரர் உங்களுக்கு விற்ற தேனில் தண்ணி கூட என்று வைத்துக் கொள்ளுங்கள். பார்த்து முடிந்ததும் மூன்றையும் கொட்டி விட வேண்டும், யாரும் ருசி பார்க்கக் கூடாது.

இதில் இருந்து ஒன்று விளங்கும். தேன் கெட்டியாக, கிருமியைத் தொட்டுக்கொண்டு இருக்கும் இடத்தில்தான் அதன் பலம். வயிற்றுக்குள் போனால் அது கரைந்து சீனியாக ரத்தத்தில் சேர்ந்து விடும். அங்கே அது மருந்து இல்லை, சாப்பாடு.

அப்பாவின் காயமும் அண்ணனின் காயமும்

அப்பாவின் காயம் அகலமானது, திறந்தது. கழுவினால் அழுக்குப் போகும், காற்றுப் படும், தடவிய தேன் காயத்தின் எல்லா இடத்தையும் தொடும். தேன் என்ன செய்ய முடியுமோ அதைச் செய்தது. அம்மா தினமும் கழுவியதும் பாதி வைத்தியம் என்று இப்போது நினைக்கிறேன். இன்னொரு விசயம் எனக்குப் பிறகுதான் தெரிய வந்தது. அதற்கு முந்திய வருசம் வேறொரு வெட்டுக்கு டிஸ்பென்சர் ஐயா அப்பாவுக்கு ஏற்பு ஊசி போட்டிருந்தார். தேன் பெருமையைச் சொன்ன அப்பா அதை மட்டும் சொல்லவே இல்லை!

அண்ணனின் காயம் ஆணி குத்தியது. மேலே சின்ன ஓட்டை, உள்ளே ஒரு அங்குலம். ஏற்பு வலிக் கிருமி மண்ணிலும் சாணியிலும் விதை மாதிரித் தூங்கிக் கொண்டிருக்கும். காற்றுப் படாத ஆழத்தில் போய் விழுந்தால்தான் அது முளைக்கும். மேலே தடவிய தேன் அந்த ஆழத்துக்குப் போகவே இல்லை. அத்தோடு, ஆளை வளைத்து இழுப்பது கிருமி கூட இல்லை, அது கக்குகிற விசம். அந்த விசம் நரம்பில் ஒட்டிக் கொண்ட பிறகு எந்த மருந்தாலும் அதைப் பிரிக்க முடியாது. பொதுவாக மூன்று நாள் முதல் மூன்று கிழமைக்குள் நோய் தெரியும். துரு ஒரு குற்றவாளி என்று பல பேர் நினைக்கிறார்கள். துருவில் ஒன்றும் இல்லை. புத்தம் புது ஆணியில் சாணி ஒட்டியிருந்தாலும் இதே ஆபத்துத்தான்.

ஏற்பு ஊசி கிருமியைக் கொல்வதில்லை. அந்த விசத்தைப் பிடித்து மடக்குகிற எதிர்ப்புச் சக்தியை உடம்புக்கு முன்கூட்டியே பழக்கி வைக்கிறது. எந்த மூலிகையும் இந்த வேலையைச் செய்யாது.

மரமஞ்சள் விசயம்

சிங்களத்தில் வெனிவெல் என்று சொல்லுகிற மரமஞ்சளை நம்ம ஆட்கள் ரொம்ப நம்புகிறார்கள். மழைக்காட்டில் மரத்தில் சுற்றி ஏறுகிற கொடி அது. மெதுவாக வளரும், வெட்டி வெட்டியே காட்டில் அருகிப் போய் விட்டது. காய்ச்சலுக்குக் கொத்தமல்லியோடு சேர்த்து அவிப்போம். காயம் பட்டால் அதைக் குடித்து விட்டால் ஏற்பு வராது என்ற நம்பிக்கை இந்த நாட்டில் தோட்டத்தில் மட்டுமில்லை, கிராமங்களிலும் இருக்கிறது. அந்த அண்ணன் குடித்ததும் அதை நம்பித்தான்.

வெட்டினால் உள்ளே மஞ்சளாகத் தெரிகிறதே, அந்த நிறத்தைக் கொடுப்பது பேர்பரின் என்ற பொருள். அது கிருமியைத் தடுக்கும், சந்தேகமில்லை. ஆனால் குடித்தால் அதில் மிக மிகக் கொஞ்சந்தான் குடலைத் தாண்டி ரத்தத்துக்குப் போகும். மற்றதெல்லாம் குடலிலேயே நின்று விடும். குதிங்காலில் இருக்கிற கிருமிக்கு அது எப்படிப் போய்ச் சேரும்?

ஆனால் அது நிற்கிற இடத்தில் வேலை செய்கிறது. பங்களாதேசத்தில் ஒரு வகைப் பக்டீரியாவால் வயிற்றோட்டம் வந்தவர்களுக்குச் சுத்தமான பேர்பரினை அளந்து கொடுத்துப் பார்த்தார்கள். 1987இல் வெளியான அந்த ஆய்வில் வயிற்றோட்டத்தின் அளவு குறைந்தது. மருந்து கிருமியைத் தொட்டது, அதனால் பலித்தது. அதற்காக வயிற்றோட்டத்துக்கு மரமஞ்சளை நம்பி இருந்து விடாதீர்கள். பிள்ளையைக் கொல்வது கிருமியை விட, உடம்பில் தண்ணி வற்றிப் போவதுதான். முதலில் ஜீவனி கரைத்துக் கொடுங்கள். கர்ப்பிணித் தாய்மாரும் பிறந்த பிள்ளைகளும் மரமஞ்சள் பக்கமே போகக் கூடாது. பிறந்த பிள்ளைக்கு வருகிற மஞ்சள் காமாலையை அது மோசமாக்கி விடும்.

மஞ்சளுக்கும் இதே கதைதான். குடித்தால் உடம்பு அதைக் கொஞ்சந்தான் ஏற்றுக் கொள்ளும். காயத்தில் வைப்பதைப் பற்றி எனக்கு ஒரு கவலை உண்டு. நம் கைக்கு வருவது கடையில் நிறுத்துக் கொடுக்கிற தூள். 2020இல் மஞ்சள் இறக்குமதி நின்று விலை ஏறியபோது கோதுமை மாவு கலந்த தூள் எல்லாம் விற்றதை மறந்திருக்க மாட்டீர்கள். திறந்த காயத்தில் அப்படியொரு தூளைப் போட்டால் அழுக்கைப் பூசுகிற மாதிரித்தான். கோப்பித் தூள், தேயிலைத் தூசு, சுண்ணாம்பு, மண்ணெண்ணெய், சாம்பல் எல்லாவற்றுக்கும் இதையே சொல்லுகிறேன். பிறந்த பிள்ளையின் தொப்புளில் சாணியோ சாம்பலோ வைத்ததால் எத்தனையோ பிள்ளைகள் முன்பு ஏற்பு வலியில் போயிருக்கின்றன. தாய்மாருக்குக் கர்ப்ப காலத்தில் ஊசி போட்டு, ஆஸ்பத்திரியில் பிரசவம் நடக்கிற பழக்கம் வந்த பிறகுதான் அந்தச் சாவு நின்றது.

வெள்ளைப்பூட்டை நசுக்கினால் வருகிற காரமான வாடைதான் அதன் மருந்து. நசுக்காத முழுப்பூட்டில் அது கிடையாது, நசுங்கும்போதுதான் உண்டாகிறது. கிருமிக்குக் கடுமையான எதிரி. ஆனால் தோலுக்கும் எதிரி! பச்சைப்பூட்டை அரைத்துக் கட்டித் தோல் வெந்து கொப்பளித்து வருகிற பிள்ளைகள் உண்டு. பூடு கறிக்கு இருக்கட்டும்.

வல்லாரை கிருமியைக் கொல்வதை விடப் புதுத் தோல் வளர உதவுகிறது. அதன் சத்தை எடுத்துப் புண்ணுக்குக் களிம்பு செய்து வெளிநாட்டில் விற்கிறார்கள். லயத்துக் கானோரம் தானாக முளைத்திருக்கும் வல்லாரையைப் பிடுங்கிச் சம்பல் போடுகிறவர்கள் ஒரு விசயம் கவனியுங்கள். அந்தக் கானில் மேலே இருந்து என்ன வருகிறது என்று பார்த்து விட்டுப் பிடுங்குங்கள்.

நம் மலையில் நின்ற ஒரு மரம்

மூலிகை உண்மையான மருந்தாக ஆன கதை ஒன்று நம் மலையிலேயே நடந்திருக்கிறது. இங்கே தேயிலைக்கு முன் கோப்பி இருந்தது எல்லோருக்கும் தெரியும். 1869இல் கோப்பி இலையில் நோய் விழுந்து மெல்ல மெல்லத் தோட்டங்கள் அழிந்தன. அந்தக் காலத்தில் துரைமார் பல இடங்களில் நட்டது சிங்கோனா மரம். ஹக்கல தாவரவியல் தோட்டம் 1861இல் தொடங்கப்பட்டதே சிங்கோனாவை நட்டுப் பார்க்கத்தான். 1880களில் இங்கே இருந்து கப்பல் கப்பலாகப் பட்டை போனது. சந்தையில் பட்டை பெருகி விலை விழுந்ததும் அதைப் பிடுங்கி விட்டுத் தேயிலை வைத்தார்கள். நம் பூட்டன் பூட்டிமார் கை அந்தப் பட்டையை உரித்திருக்கிறது.

பட்டையில் இருந்தது மலேரியாவுக்கான மருந்து. ஆனால் ஒரு மரத்துப் பட்டையில் மருந்து அதிகம் இருக்கும், அடுத்த மரத்தில் கொஞ்சந்தான் இருக்கும். ஒரே அளவு அவித்துக் குடித்தாலும் ஒருவர் பிழைப்பார், ஒருவர் பிழைக்க மாட்டார். 1820இல் பிரான்சில் ரெண்டு பேர் அதற்குள் இருந்த மருந்தைத் தனியாகப் பிரித்தார்கள். அதுதான் குயினைன், நம் பெரியவர்கள் சொல்லும் கொயினா. அதன் பிறகுதான் அளந்து கொடுக்க முடிந்தது. 1934, 35இல் இந்த நாட்டில் மலேரியா பரவிச் சுமார் 80,000 பேர் இறந்த காலத்தில் மக்களுக்குக் கொடுத்ததும் கொயினாதான். 2016 செப்டம்பரில் இலங்கை மலேரியா இல்லாத நாடு என்று உலக சுகாதார நிறுவனம் சான்றிதழ் கொடுத்தது.

சீனாவிலும் இப்படித்தான். து யூயூ என்ற அம்மையார் பழைய வைத்திய நூல்களைப் படித்து மலேரியாவுக்கு ஒரு செடியைத் தேடினார். வழக்கம் போல் கொதிக்க வைத்து எடுத்தால் மருந்து பலிக்கவில்லை. ஆயிரத்து அறுநூறு வருசப் பழைய நூல் ஒன்றில் அந்தச் செடியைப் பச்சைத் தண்ணியில் ஊற வைத்துப் பிழிந்து குடிக்கச் சொல்லியிருந்தது. சூடுதான் மருந்தைக் கெடுக்கிறது என்று அவருக்குப் பொறி தட்டியது. குறைந்த சூட்டில் பிரித்தெடுத்தார், பலித்தது. 2015இல் அவருக்கு நோபல் பரிசு கிடைத்தது. எதையும் சுண்டக் கொதிக்க வைத்தால்தான் மருந்து என்று நினைக்கிற நமக்கு இது ஒரு செய்தி.

இருமலுக்குத் தேன்

இங்கே அப்பாயி பக்கம் நூற்றுக்கு நூறு நிற்கிறேன். சளி இருமலுக்குப் படுக்கப் போகும் முன் ஒரு தேக்கரண்டி தேன் கொடுத்தால் பிள்ளை நன்றாகத் தூங்கும். கடையில் விற்கிற பல இருமல் பாணிகளை விட இது மேல். 2018இல் இங்கிலாந்து அரசாங்கத்தின் வைத்திய வழிகாட்டியே சாதாரண இருமலுக்கு முதலில் தேன் கொடுத்துப் பார்க்கச் சொன்னது. கொத்தமல்லியும் இஞ்சியும் அவித்துக் குடிப்பதும் நல்லது, தொண்டைக்கு இதமாக இருக்கும். சளிக் கிருமியை அது கொல்வதாக நினைக்க வேண்டாம். சளி தானாகவே ஒரு கிழமையில் போகும், அதுவரை நம்மைத் தாங்கிப் பிடிக்கிற வேலை அது. சளிக்காக டவுனில் நாலு அன்டிபயோடிக் கெப்சூல் வாங்கி விழுங்குவதை விட ஆயிரம் மடங்கு நல்லது. அந்த நாலு கெப்சூல் சளியை ஒன்றும் செய்யாது. உடம்பில் உள்ள மற்றக் கிருமிகளுக்கு மருந்தைப் பழக்கி விடும். பிறகு உண்மையாகத் தேவைப்படும்போது அதே மருந்து பலிக்காது.

ஆனால் மூன்று பேர் விசயத்தில் கவனம் வேண்டும். ஒரு வயது நிறையாத பிள்ளைக்கு ஒரு சொட்டுத் தேன் கூடக் கொடுக்கக் கூடாது. நாக்கில் தொட்டு வைக்கிற சேனைச் சடங்குக்கும் வேண்டாம். தேனில் சில வேளை ஒரு கிருமியின் விதை இருக்கும். அது ஏற்பு வலிக் கிருமியின் உறவுக்காரன். பெரியவர்கள் குடலில் அது முளைக்காது. பச்சைப் பிள்ளை குடலில் முளைத்து, கை கால் சோர்ந்து, பால் உறிஞ்ச முடியாமல், மூச்சே நின்று போகலாம். கொதிக்க வைத்தாலும் அந்த விதை சாகாது.

சீனி வருத்தக்காரருக்குத் தேன் சீனிதான். இயற்கை என்பதற்காக ரத்தம் அதை மன்னிக்காது.

மூன்றாவது ஆள், ரெண்டு கிழமைக்கு மேல் இருமுகிறவர். அவருக்குத் தேனும் வேண்டாம், கசாயமும் வேண்டாம், முதலில் சளிப் பரிசோதனைதான் வேண்டும். டீ.பி. என்கிற காசநோய் லயக் காம்பராவில் ஒருவருக்கு வந்தால் அந்த ஒற்றை அறையில் படுக்கிற ஏழு பேருக்கும் போகும். பரிசோதனையும் மருந்தும் அரசாங்க ஆஸ்பத்திரியில் இலவசம்.

2020 டிசம்பரில் கேகாலையில் நடந்தது ஞாபகமிருக்கும். ஒருவர் தேனும் சாதிக்காயும் கலந்து கொரோனாவுக்குப் பாணி செய்தார் என்று ஆயிரக் கணக்கில் சனம் போய் நெருக்கியடித்து நின்றது. அப்போதைய சுகாதார அமைச்சரே வாங்கிக் குடித்துக் காட்டினார். அடுத்த மாதம் அவருக்கே கொரோனா வந்தது. தேன் மீது குற்றமில்லை. தேன் தொட முடியாத இடத்தில் அதை வேலைக்கு அனுப்பியவர்கள் மீதுதான் குற்றம்.

காயம் பட்டால்

சரி, நாளைக்கு மலையில் கத்தி பட்டால் என்ன செய்வது? ரத்தம் வந்தால் சுத்தமான துணியை வைத்து அழுத்திப் பிடியுங்கள். பிறகு ஓடுகிற சுத்தமான தண்ணியிலும் சவர்க்காரத்திலும் ஐந்து நிமிடமாவது கழுவுங்கள். கிருமியைப் போக்குவதில் கழுவுவதற்கு ஈடான மூலிகை ஒன்றும் இல்லை. அட்டைக்கடியைச் சொறிந்து புண்ணாக்கிக் கொள்கிறவர்களுக்கும் இதே மருந்துதான். சிராய்ப்பு, மேலோட்டமான வெட்டு, உள்ளங்கையை விடச் சின்னத் தீக்காயம், இவற்றுக்குத் தேன் தடவிச் சுத்தத் துணி கட்டலாம். தீக்காயம் என்றால் அதற்கு முன் இருபது நிமிடம் ஓடுகிற தண்ணியில் பிடிக்க வேண்டும். மேலோட்டமான தீக்காயம் தேனில் நாலைந்து நாள் முந்தி ஆறுகிறது என்று 2015இல் பல ஆய்வுகளைச் சேர்த்துப் பார்த்தவர்கள் சொன்னார்கள். ஆனால் அங்கே ஆஸ்பத்திரியில் வைப்பது கதிர் பாய்ச்சிக் கிருமி நீக்கிய தேன். நம் போத்தலில் இருப்பது தேனடை பிழிந்த கையோடு வந்தது. அதனால்தான் சின்னக் காயத்தோடு நிறுத்திக் கொள்ளச் சொல்கிறேன்.

குத்துக் காயம், ஆழ்ந்த வெட்டு, மண்ணோ சாணியோ பட்டது, நாய் கடித்தது, கண்ணுக்குக் கிட்ட உள்ளது, இவை எல்லாம் அன்றைக்கே டிஸ்பென்சரிக்குப் போக வேண்டியவை. சுற்றிச் சிவந்து சூடாகி வீங்கினால், சிவப்புக் கோடு மேலே ஏறினால், காய்ச்சல் வந்தால், சீனி வருத்தக்காரர் காலில் எந்தப் புண் வந்தாலும், பொறுத்துப் பார்க்க வேண்டாம். அரைப்பேர் போனால் போகட்டும். அண்ணனுக்கு ஆறு மாதப் பேர் போனது.

தேன் எடுக்கப் பிள்ளைகளை மரத்துக்கோ கற்பாறைக்கோ அனுப்புகிறவர்களிடமும் ஒரு சொல். குளவிக் கொட்டில் நம் மலையில் எத்தனை பேர் செத்திருக்கிறார்கள் என்று உங்களுக்குச் சொல்ல வேண்டியதில்லை. கொட்டு வாங்கி மூச்சு முட்டினாலோ முகம் வீங்கினாலோ 1990 இலக்கத்துக்கு அழையுங்கள், அம்புலன்ஸ் இலவசமாக வரும்.

கூட்டத்தில் கடைசியாக எல்லோரிடமும் ஒன்று கேட்டேன். உங்கள் கடைசி ஏற்பு ஊசி எந்த வருசம்? பிள்ளைகளுக்குப் பிரச்சினை இல்லை. ரெண்டு, நாலு, ஆறாம் மாதங்களிலும் ஒன்றரை வயதிலும் ஐந்து வயதிலும், பிறகு பள்ளிக்கூடத்தில் பதினொன்று பன்னிரண்டு வயதிலும் போட்டு விடுகிறார்கள், அட்டையில் எழுதியும் இருக்கும். பெரியவர்கள்தான் மறந்து விடுகிறோம். ஊசிகளை எல்லாம் ஒழுங்காகப் போட்டவர்களுக்கும், அழுக்குக் காயம் பட்டால் கடைசி ஊசி போட்டு ஐந்து வருசம் தாண்டியிருந்தால் மறுபடி ஒன்று வேண்டும். சுத்தமான சின்னக் காயத்துக்குப் பத்து வருசக் கணக்கு.

ஆண்களில் ஒருவருக்கும் ஞாபகம் இல்லை. பெண்கள் பிள்ளை பெற்ற வருசத்தை வைத்துக் கணக்குப் பார்த்தார்கள். அப்பாயி விரல் விட்டு எண்ணி விட்டுச் சொன்னார்: "எனக்குக் கடைசியாப் போட்டது எங்க சின்னவன் வயித்துல இருக்கறப்ப. அவனுக்கு இப்ப முப்பத்தெட்டு வயசு." பிறகு அவரே கேட்டார்: "டிஸ்பென்சரி எத்தனை மணிக்குத் தொறப்பாங்க?"